நகச்சாயம் பூசிய திருகு

எழுபத்தொரு வயதிலும் எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, மேடம். கண்ணாடி போடாமலே நீளம் அளக்கும் காலிப்பரில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் படித்துவிடுவேன். தானியக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் எடை போட்டவன். கோதுமை லாரி மேடையில் ஏறி நிற்கும்போதே எத்தனை பவுண்டு என்று சொல்லுவேன். டிரைவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் முள்ளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். உங்கள் அப்பாவும் அப்படி ஒரு தடவை வாயை மூடிக்கொண்டவர்தான், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆர்லோ டஃப்டி இங்கே ஷெரீஃப் ஆபீஸில் உங்களிடம் வந்து ஏதோ எழுதிக் கொடுத்திருக்கிறானாம். தன் கண்ணில் புரை விழுந்திருந்ததால் தோட்டாவின் நீளத்தைத் தப்பாக வைத்துவிட்டதாகவும், தன் மகள் கோரினுக்கு நேர்ந்ததற்குத் தானே பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறானாம். தீவனக் கடையில் ஊரே அதைப் பேசி உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தது. பாவம் ஆர்லோ, நல்ல மனுஷன் ஆர்லோ. கேட்கக் கேட்க எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அந்த நீளத்தை வைத்தது அவன் இல்லை. நான் வைத்தேன். என் வேலையையும் அவன் தன் பேரில் எழுதிக்கொள்வான், ஊர் அவன் முதுகைத் தடவிக் கொடுக்கும், நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? அதனால்தான் காலையில் சவரம் செய்துகொண்டு நானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் கடையில் தோட்டா வாங்கிச் சுடுகிறவர். எங்கள் துப்பாக்கி கிளப்பில் அப்படி இல்லை. சுட்டுக் கீழே விழுந்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, கழுவி, புதிதாக வெடிமருந்து போட்டு, மேலே புதுக் குண்டை வைத்து அழுத்தி, மறுபடியும் சுடுவோம். குண்டை எவ்வளவு ஆழமாக அழுத்துகிறோமோ தோட்டா அவ்வளவு குட்டையாகும். குட்டையானால் உள்ளே மருந்துக்கு இடம் குறையும், வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். அதே அளவு பாலைச் சின்னப் பாத்திரத்தில் காய்ச்சினால் பொங்குகிற மாதிரிதான். ஆகவே நீளத்தைக் குறைத்தவன் மருந்தையும் குறைத்து, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வர வேண்டும். இது எங்களுக்குப் பாலபாடம்.

இன்னொன்றும் உண்டு. ஒருவன் நிரப்பிய தோட்டாவை இன்னொருவன் சுடக் கூடாது. அண்ணன் தம்பியானாலும் சரி. கிளப்புக் கொட்டகையின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். நான் நிரப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு இருக்கும்: தேதி, குண்டு, மருந்து, நீளம். ஆர்லோவிடம் சீட்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் தோட்டாவைக் கொட்டி முடிச்சுப் போட்டு, யாருக்குக் குறைகிறதோ அவர்களுக்குத் தூக்கிக் கொடுப்பான். ஆகஸ்டில் தோட்டத்துச் சுக்கினிக் காயைப் பிடி பிடி என்று தெருவெல்லாம் திணிப்பார்களே, அந்த மாதிரி. சுவரில் இருப்பதைக் காட்டினால், "அது அந்நியனுக்கு எழுதினதுடா, வெண்டல்" என்பான்.

அவன் வீட்டில் மருந்து அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் திருகை அவன் பதினோரு வருடமாகத் தொட்டதில்லை. தனக்குப் பிடித்த அளவு கிடைத்த அன்று அவன் மனைவி மேக்சினின் சிவப்பு நகச்சாயத்தை வாங்கித் திருகின் தலையில் பூசிக் காயவிட்டான், யாரும் அசைக்கக் கூடாது என்று. அந்த அளவு விளிம்பில் நிற்கிற அளவு. இதற்கு மேல் ஒரு சிட்டிகை கூடாது என்று தோட்டா நிரப்புகிறவர்களுக்கான புத்தகம் சொல்கிற இடம். அது வக்கீல்கள் எழுதிய புத்தகம் என்று கேலி செய்வான். விருந்தாளி வந்தால் அந்தச் சிவப்புப் பொட்டைக் காட்டாமல் அனுப்ப மாட்டான்.

எட்டு வருடத்துக்கு முன் அக்டோபரில் என் மகள் ஜெனெலின் கையில் துப்பாக்கி வெடித்தது. அப்போது நீங்கள் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டீர்கள். அவள் கால்நடை மருத்துவர். இந்த மாவட்டத்தில் எந்தப் பண்ணையில் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டாலும் முதல் போன் அவளுக்குத்தான் போகும். மெலிந்த கை. தோள் வரை உள்ளே விட்டு, கன்றின் காலைத் தேடிப் பிடித்துத் திருப்பிவிடுவாள். அந்த வலது கையில் மூன்று விரல் போனது. இப்போது தீவனக் கடைக் கவுண்டரில் நின்று மாடு நக்குகிற உப்புக்கட்டி விற்கிறாள். முன்பு அவளை டாக்டர் என்று கூப்பிட்டவன் இப்போது மூட்டையை வண்டியில் ஏற்ற ஆள் வருமா என்று கேட்கிறான்.

அன்று அவள் சுட்டது ரொட்டிப் பையிலிருந்து எடுத்த தோட்டா. அந்தப் பையை அந்த வாரம் அவளுக்குக் கொடுத்தது ஆர்லோ. ஏதோ ஒரு கூட்டில் மருந்து இரண்டு தடவை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். கோரின் தன் மேல்சட்டையைக் கழற்றி ஜெனெலின் கையில் சுற்றி, ராபிட் சிட்டி ஆஸ்பத்திரி வரை அறுபது மைல் வண்டியை விரட்டினாள். நான் பின் இருக்கையில் என் மகளின் தலையை மடியில் வைத்திருந்தேன். ஆர்லோ எங்களோடு வரவில்லை. சுடும் மைதானத்திலேயே தங்கி, அந்தப் பையையும் மிச்சம் இருந்த தோட்டாக்களையும் கொண்டுபோய் மாட்டுக் குட்டையில் வீசிவிட்டான். ஏன்டா வீசினாய் என்று கேட்டேன். கெட்ட தோட்டா, வேறு யார் கையிலும் மாட்டக் கூடாது என்றான். ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்.

கிளப்புக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கேட்டேன், உன் தோட்டாதானே என் பெண்ணின் கையை எடுத்தது என்று. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எட்டு வருடமாக மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாகக் குளிர்காலம் முழுக்க ஜெனெல் வீட்டு வாசலில் பனியை வாரிப் போடுவான். விறகு பிளந்து அடுக்கிவிட்டுப் போவான். மேக்சின் சுட்ட குஹன் என்கிற ஜெர்மன் இனிப்பு ரொட்டியை என் வாசலில் வைத்துவிட்டுப் போவான். ஒரு துண்டு இனிப்பு என் மகளின் விரலுக்கு ஈடா? ஆனால் நான் அவனோடு பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த மார்ச்சில் அவன் தன் நாற்பது காலிபர் கைத்துப்பாக்கிக்குப் புதுக் குழல் வாங்கினான். பழையதைவிட இறுக்கமான குழல். அவனுடைய வழக்கமான தோட்டா அதில் முழுதாக உட்காராமல் பாதியில் நின்றது. நீளத்தைக் குறைத்தாக வேண்டும். அவனுக்கோ இரண்டு கண்ணிலும் புரை, காலிப்பரின் எண்ணே தெரியாது. குண்டை அழுத்தும் அச்சைக் கழற்றித் துணியில் சுற்றி, புதுக் குழலையும் எடுத்துக்கொண்டு என் கேரேஜுக்கு வந்தான். கூடவே குஹன், வேறென்ன.

மருந்து போடாத வெறும் தோட்டா ஒன்றைச் செய்து, குழலுக்குள் நழுவவிட்டுப் பார்த்தேன். சரியான நீளமென்றால் டக்கென்று உட்கார்ந்து, விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுழலும். பத்து நிமிடத்தில் அந்த இடத்தைப் பிடித்துவிட்டேன். நேர்மையான அளவு அது. அங்கேயே பூட்டியிருந்தால் நான் இன்று இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆர்லோ முதுகைக் காட்டிக்கொண்டு குஹனை வெட்டிக்கொண்டிருந்தான். கத்தியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தட்டைத் தடவித் தடவி, எனக்குப் பெரிய துண்டு வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வெட்டினான். அவனுடைய வலது கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் இருந்தது. நான் அச்சை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினேன். தேவைக்கு மேல். பிறகு பூட்டினேன். கோபத்தில் கை தவறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், தவறவில்லை. அதற்குப் பிறகு குஹனையும் சாப்பிட்டேன்.

மருந்தைப் பற்றி அவன் என்னிடம் கேட்கவே இல்லை என்று நேற்று போனில் உங்கள் ஆளிடம் சொன்னேன். அதை மாற்றிக்கொள்ளுங்கள். கேட்டான். வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணாடியை இறக்கிக் கேட்டான்.

"வெண்டல், நீளம் குறைஞ்சிருக்கே, மருந்தையும் கொஞ்சம் குறைக்கணுமாடா?"

"பதினோரு வருஷமாத் தொடாத திருகை இப்ப எதுக்குத் தொடுற? இது ஒரு மயிரிழைதான். விடு."

"நீ சொன்னாச் சரி," என்றான். என் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டான். இவ்வளவு வருடம் சுடுகிறவனுக்கு இது தெரிய வேண்டாமா? தெரியும். ஆனால் அந்தச் சிவப்புப் பொட்டை உடைக்க அவனுக்கு மனசு வராது, யாராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தான். அதை நான் சொன்னேன்.

நான் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று, மேடம். ஒரு கைக்கு ஒரு கை. அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவனும் பொத்தானைப் போட முடியாமல் திண்டாட வேண்டும், உப்பு டப்பாவைத் திறக்கப் பக்கத்து வீட்டில் ஆள் கூப்பிட வேண்டும். ஜெனெலின் முதல் குளிர்காலம் எப்படிப் போனது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். இது அநியாயமா?

மே மாதம் முதல் ஞாயிறு வெளிமைதானத்தில் போட்டி. நான் ரேஞ்ச் அதிகாரி. சுடுகிறவரின் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, தயாரா என்று கேட்டு, டைமரின் பொத்தானை அழுத்துவேன். பீப் சத்தம் வந்த பிறகுதான் சுட வேண்டும். ஏதாவது சரியில்லை என்றால் நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆளுநரே ஆனாலும் துப்பாக்கியை இறக்கியாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த வேலை என்னுடையது.

ஆர்லோ கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு வந்து நின்றான். நான்கு நாளைக்கு முன்னால்தான் புரையை எடுத்திருக்கிறார்கள், சுடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு செய்தும் இந்த மனுஷன் தப்பித்துக்கொண்டானே என்று உள்ளுக்குள் கொதித்தேன். அப்போது அவன் தன் துப்பாக்கியையும் ரொட்டிப் பையையும் கோரினிடம் நீட்டினான், எனக்குப் பதிலாக நீ சுடு என்று.

கோரின் சுடும் கோட்டுக்கு வந்தாள். என் மகளின் வயதுதான். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள். "வெண்டல் மாமா, இது கிழவனோட துப்பாக்கி. நான் சரியாச் சுடலேன்னா அவர் கண்ணு மேல பழியைப் போட்டுருங்க," என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜெனெல் வந்திருக்காளா? அவளுக்கு ஒரு இடம் பிடிச்சு வச்சிருக்கேன் சாப்பாட்டு மேஜையில," என்றாள். வரவில்லை என்றேன்.

நிறுத்து என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவள் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் துப்பாக்கியின் மேகசினில் போடுகிற வரைக்கும் இருந்தது. அவை குட்டையாக இருப்பது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. என் கண்ணைப் பற்றி முதலிலேயே சொன்னேனே. எந்தத் தோட்டா அவள் கையில் இருக்கிறது என்று தெரியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் எழுதுவதற்கு வழியில்லை. ஆர்லோவின் கை போனால் ஆர்லோவுக்கு வலிக்கும், ஆறும். மகளின் கை போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது ஆறவே ஆறாது. நான் கேட்டதைவிடச் சரியான ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது என்று தோன்றியது. கோரினின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்கமாக நிற்கும் இடத்தைவிட ஓர் அடி தள்ளி நின்றேன். தயாரா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். பொத்தானை அழுத்தினேன்.

நான்காவது குண்டில் துப்பாக்கி வெடித்தது. கட்டை விரலும் உள்ளங்கையில் பாதியும் போனது. கண்ணாடி போட்டிருந்தாள், நானே பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தேன், ஆனாலும் ஒரு துண்டு பக்கவாட்டில் புகுந்துவிட்டது. கண் என் கணக்கில் இல்லை. ஆர்லோ தன் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, மகளின் பக்கத்தில் மண்டி போட்டு, என்னைத்தான் கூப்பிட்டான். "வெண்டல், பிடிடா, வெண்டல்," என்றான். போய்ப் பிடித்தேன். துணியை இறுக்கிக் கட்டியது நான்தான்.

இவ்வளவுதான் நடந்தது. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம், ஏனென்றால் இதை என் மகள் உங்களிடம் வந்து சொன்னாலும் சொல்வாள்.

ஜெனெல் ஒன்பது நாளாக ராபிட் சிட்டி ஆஸ்பத்திரியில் கோரினின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று மாற்றுத் துணி எடுக்க வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்றும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்க்கவில்லை, ஆனால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் துணிப் பையை இடது கையால் தள்ளி வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, ஆர்லோ மாமா குடுத்தது அதுக்கு முந்தின நாளே தீந்துபோச்சு," என்றாள். "பை காலியா இருந்துச்சு. நம்ம வீட்டு அலமாரியில இருந்து உங்க பெட்டியை எடுத்து அதுல கொட்டிட்டுப் போனேன். எல்லாம் நீங்க கையால வார்த்த ஈயக் குண்டு, மாமா கடைக் குண்டுதான் வைப்பார். மாமா பையைப் பிரிச்சுப் பாத்ததும் கண்டுபிடிச்சிட்டார். நீங்க வண்டிகிட்ட ஓடினப்ப நான்தான் அவர்கிட்ட கெஞ்சினேன், அப்பாகிட்ட சொல்லாதீங்க, அம்மா போய் ரெண்டு வாரம்கூட ஆகல, தாங்க மாட்டார்னு. அதனாலதான் குட்டையில போட்டார். அதனாலதான் நீங்க அத்தனை பேர் முன்னாடி கேட்டப்பவும் வாயைத் திறக்கல."

அப்படிச் சொல்லிவிட்டு அழுதாள். நான் அவளைத் திட்டவில்லை. வலி மாத்திரை சாப்பிட்டுக் கிடந்த பெண், எட்டு வருடத்துக்கு முந்தைய விஷயம், எதையோ எதோடோ போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறாள். கோரினைப் பார்த்துப் பார்த்து மனசு இளகிப்போய் அவர்கள் பக்கம் பேசுகிறாள். என் மனைவி டோரிஸை அடக்கம் செய்த வாரம் நான் கேரேஜில் உட்கார்ந்து தோட்டா நிரப்பியது உண்மை. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றதும் உண்மை, நடுநடுவே எழுந்து போனதும் உண்மை. அதற்காக ஒரு கூட்டில் மருந்து இரண்டு தடவை விழுந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? முப்பத்தெட்டு வருடம் எடை போட்டவன் நான்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். நிறுத்தாதீர்கள், மேடம். ஜெனெலின் கையை எடுத்தது ஆர்லோவின் தோட்டா என்றே எழுதுங்கள்.